எடை போட்டு வாங்கிய ஸ்பீக்கர்

சென்ற மாதம் நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "நீ கிட்டார் வாசிப்பியே, இப்பவும் வாசிக்கிறியா?" அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாகப் பூவும் இதயமும் போட்டிருந்தீர்கள். ராஜபாளையத்திலேயே பாவாடை தாவணி கட்டிக்கொண்டு கிட்டார் வாசித்த ஒரே பிள்ளை நான்தான் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அந்தக் காலமே ஒரு அழகுதான் என்று இன்னொருத்தி. அந்தக் காலத்தை நினைத்தால் என் மூக்குக்கு முதலில் வருவது எலி மூத்திர நாற்றம். உங்கள் அழகை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் நாற்றத்தைச் சொல்கிறேன்.

கிட்டார் என் தாய்மாமாவுடையது. சென்னையில் ஏதோ ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்தவர், வளைகுடாவில் வேலை கிடைத்ததும் கிட்டாரையும் அதோடு சேர்ந்த ஆம்ப்ளிஃபையரையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஆம்ப்ளிஃபையர் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. பெட்டிதான். கறுப்பு ரெக்சின் ஒட்டிய மரப்பெட்டி, முன்பக்கம் சாக்குத்துணி மாதிரி ஒரு துணி, அதற்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு ஸ்பீக்கர். அது மின்சாரக் கிட்டார். பெட்டி இல்லாமல் கம்பியைத் தட்டினால் கொசு முனகுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். பெட்டியில் செருகித் தட்டினால், வெண்கலக் கும்பாவை நகத்தால் சுண்டினாற்போல ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் விரல் நுனி காய்த்துப்போகும்வரை வாசித்தேன். சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மாமா காட்டிவிட்டுப் போன கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, மீதியை நானாகக் கண்டுபிடித்தேன். கோயில் பாடகர் குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில் நான் பெரியவளானேன். அதோடு என் கிட்டாரும் ஊர்ப் பிரச்சினையாகிவிட்டது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, பஞ்சுத் தரகர். கோயில் கமிட்டியிலும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"வயசுக்கு வந்த பிள்ள, அம்புட்டுப் பேருக்கும் முன்னால உக்காந்து கம்பியத் தட்டுது. பாக்க நல்லாவா இருக்கு?"

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். அண்ணன் முன்னால் நிமிர்ந்து பேசியதே இல்லை. அன்று எப்படியோ வாய் திறந்துவிட்டார். "கிறிஸ்மஸ் வரைக்கும் வாசிக்கட்டும்ணே. கீத ஆராதனையில நல்லா வாசிச்சான்னா குழுவுல இருக்கட்டும். சரியில்லன்னா நிறுத்திருவோம்."

பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கிறிஸ்மஸ் பாட்டுகள் பாடுகிற அந்தக் கீத ஆராதனையில் நான் வாசிக்க வேண்டியவை எனக்குத் தூக்கத்திலும் வரும். தோற்பதற்கு வழியே இல்லை என்று நினைத்தேன். அதற்கும் ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

ஐப்பசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. அதற்கு வாசித்த பிறகு பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வரப் போனேன். பெரியப்பா தடுத்தார். "கோயில்ல வாசிக்கிற சாமான் கோயில்லயே இருக்கட்டும், பத்திரமா இருக்கும்" என்று சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டினார். அந்த அறையில் வேறு என்ன இருந்தது தெரியுமா? பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த நெல் மூட்டை, அசன விருந்துக்கு எடுத்துவைத்த அரிசி, தேங்காய், பூசணிக்காய். எலிகளுக்கு இதைவிட நல்ல இடம் ராஜபாளையத்தில் கிடையாது.

மழை விட்ட ஒரு நாள், ஒத்திகைக்கு என்று அறையைத் திறந்தார்கள். கதவு திறந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. பெட்டியின் பின்பக்கம் திறப்புதான், பலகை கிடையாது. உள்ளே பஞ்சும் சாக்கு நூலும் வைத்து ஒரு கூடு. கூட்டுக்குள் கண் திறக்காத குட்டிகள், தோல் உரித்த கோழி நிறத்தில் நெளிந்துகொண்டிருந்தன. ஸ்பீக்கரின் காகிதத்தைக் கடித்துத்தான் அந்தக் கூட்டுக்கு மெத்தை போட்டிருந்தன. மிச்சம் இருந்த காகிதம் மூத்திரத்தில் ஊறி, பழுப்பு வளையம் வளையமாகத் தொங்கியது. பெரியப்பா ஒரு குச்சியை எடுத்து உள்ளே குத்தினார். குட்டிகளோடு சேர்ந்து என் ஸ்பீக்கரின் மிச்சமும் கிழிந்து வந்தது. குச்சியைச் சுவரில் துடைத்துவிட்டு, அதே கையால் என் தலையைத் தடவி, "அழாதட்டி, புதுசு மாட்டிரலாம்" என்றார். வீட்டுக்குப் போய்ச் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்தும் நாற்றம் போகவில்லை. இன்றைக்கும் ஈரச் சாக்கு வாடை வந்தால் எனக்குத் தலை அரிக்கிறது.

புது ஸ்பீக்கர் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். பெரியப்பாவுக்கு அங்கே ஏதோ பஞ்சு விஷயமும் இருந்தது, ஒரே நடையில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம் என்று. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டார். நான் பிடிவாதமாகக் கிட்டாரையும் உறையோடு எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, இடிக்கிறவர்களிடம் எல்லாம் திட்டு வாங்கிக்கொண்டே போனேன். மாட்டுகிற ஸ்பீக்கரை வாசித்துப் பார்த்துத்தானே வாங்க வேண்டும்? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது இது.

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பாய் மைக்செட் கடை வைத்திருந்தார். வாசலில் குழாய் ஸ்பீக்கர்கள் ஊமத்தம்பூ மாதிரி குவிந்து கிடக்கும். போகிற வழியில் பெரியப்பா பால்கோவா வாங்கினார். எங்களுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பொட்டலத்தோடு கையில் வைத்துத் தின்றுகொண்டே கடைக்குள் நுழைந்தார். பாய் எங்கள் பெட்டியின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு இரண்டு ஸ்பீக்கர்களை மேசையில் எடுத்து வைத்தார். ஒன்று என் பழையது போலவே இருந்தது. விளிம்பு வரை காகிதம், பின்னால் சின்னக் காந்தம். இன்னொன்றுக்கு விளிம்பில் தடித்த ரப்பர், பின்னால் அம்மிக்கல்லின் பாதி அளவுக்கு ஒரு காந்தம்.

பஞ்சுத் தரகர்களைப் பார்த்திருப்பீர்கள். பொதியில் இருந்து ஒரு சிட்டிகை உருவி, கட்டைவிரலில் வைத்து இழுத்துப் பார்த்து விலை சொல்வார்கள். பெரியப்பாவுக்கு உலகத்தில் உள்ள எல்லாமே பஞ்சுப் பொதிதான். நெய் வழிகிற கட்டைவிரலால் காகித ஸ்பீக்கரின் நடுவில் ஒரு அழுத்து அழுத்தினார். காகிதத்தில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படர்ந்தது.

"என்ன பாய், அப்பளம் மாதிரி இருக்கு? இத எலி வேற திங்கணுமா, ஈ உக்காந்தாலே கிழிஞ்சிரும்" என்றார்.

பிறகு இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார். கை சொன்னது போதவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பலசரக்குக் கடைக்குப் போய், தராசில் வைக்கச் சொன்னார். கடைக்காரர் புளி நிறுத்துக்கொண்டிருந்தவர், தட்டைத் துடைக்காமலே வாங்கி வைத்தார். அந்தப் பெரிய காந்தம் இரும்புத் தட்டை 'டக்' என்று கவ்விக்கொண்டது. பிய்த்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. பெரியப்பாவுக்கு ஒரே பெருமை.

"பாத்தியா, பிடிச்சா விடமாட்டேங்குது. சரக்குன்னா இது சரக்கு!"

மைக்செட் கடைக்குத் திரும்பினோம். பாய் நல்ல மனுஷர். "அண்ணாச்சி, அது கேசட்டு பாட்டு கேக்குற பொட்டிக்கு உள்ளது. கிட்டாருக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. பாப்பாதான் கையோட கொண்டாந்திருக்கே, ரெண்டுலயும் செத்த நேரம் வாசிச்சுப் பாத்துரட்டும்" என்றார்.

நான் உறையின் ஜிப்பில் கை வைத்துவிட்டேன்.

"ஏட்டி, உறையக் கழட்டாத! நடுக்கடைத்தெருவுல, நாலு ஆம்பளைய நிக்கிற எடத்துல, பொட்டப்பிள்ள கிட்டாரு வாசிக்கிறதா? நல்லாருக்கே!"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வாசலில் இருந்த குழாய் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறவு எப்படி அண்ணாச்சி டெஸ்ட் பண்றது?" என்றார் பாய்.

"மைக்கக் குடும்."

கனமான ஸ்பீக்கரைப் பெட்டியில் வைத்து, ஒயரைச் சுற்றி, மைக்கைச் செருகிக் கொடுத்தார் பாய். பெரியப்பா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலே இடி மாதிரி வந்தது. "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்டிங். ஒன், டூ, த்ரீ." அவருடைய நிஜக் குரல் ஓட்டைத் தகரம். பெட்டியில் இருந்து வந்ததோ, வானொலியில் செய்தி வாசிக்கிறவர்போல அடிவயிற்றுக் குரல். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். கண்ணாடியில் முதல்முதலாகத் தன் முகத்தைப் பார்த்த மாதிரி ஒரு சிரிப்பு. உதட்டோரத்தில் பால்கோவா ஒட்டியிருந்தது. "கர்த்தருக்குள் அன்பானவர்களே..." என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. வருகிற வாரத்து அறிவிப்பு எல்லாவற்றையும் அந்தக் கடையில் நின்று வாசித்துவிட்டார், தெருவே திரும்பிப் பார்த்தது. காகித ஸ்பீக்கரை மாட்டிப் பார்க்கக்கூட இல்லை.

கிட்டார் பெட்டிக்கு ஸ்பீக்கர் வாங்கிவிட்டோம். கிட்டார் உறைக்குள்ளேயே ராஜபாளையம் திரும்பியது.

பெட்டியாவது வீட்டுக்கு வந்ததா என்றால், அதுவும் இல்லை. எலி பயமாம். கிறிஸ்மஸ் வரை பெரியப்பா வீட்டில் பத்திரமாக இருக்குமாம். அந்தப் பத்திரம் எப்படி என்றால், தினமும் காலையில் மைக்கைச் செருகிக்கொண்டு செய்தித்தாளை அதில் வாசிப்பார். அவருக்குப் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார மாமி அம்மாவிடம் வந்து, "ஏமண்டி, உங்க மச்சினரு பஞ்சு வெலைய எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் சொல்லுதாரே" என்று சிரித்துவிட்டுப் போனார். ஒரு தரம் செருகி வாசித்துப் பார்க்கிறேன் என்று நான் போய்க் கேட்டேன். "புது ஸ்பீக்கருட்டி. பண்டிகைக்கு முன்னால கெடுத்துறாத" என்று அனுப்பிவிட்டார். நான் வீட்டில் ஊமைக் கிட்டாரிலேயே பழகினேன்.

கீத ஆராதனை அன்று சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. நட்சத்திரம், வர்ணக் காகிதம், புதுத்துணி வாடை. நான் கிட்டாரைச் செருகி முதல் பாட்டின் முதல் தட்டு தட்டினேன்.

தும்.

அவ்வளவுதான் வந்தது. ஆறு கம்பியும் ஒன்றாகக் குழைந்து, போர்வைக்குள் யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல. மெல்லிய கம்பிகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சரியான இடத்தில்தான் இருந்தது. குமிழைத் திருகினேன், பெஞ்சுதான் அதிர்ந்தது. பாடகர் குழு என் கிட்டாரைக் கேட்டுச் சுருதி எடுக்க வேண்டும். எதைக் கேட்டு எடுப்பார்கள்? ஆளுக்கொரு சுருதியில் தொடங்கினார்கள். பாடகர் குழு மாஸ்டர் முறைத்தார். இன்னும் பலமாகத் தட்டினேன். தும், தும், தும். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. இரண்டாவது பாட்டின் நடுவில் மாஸ்டர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார், நிறுத்து என்று.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரியப்பா எழுந்து வந்து, பெட்டியில் இருந்து என் கிட்டார் ஒயரை உருவினார். அங்கேயே, எல்லோரும் பார்க்க. மைக்கைச் செருகினார். "கர்த்தருக்குள் அன்பானவர்களே..." கோயில் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. அப்படியே கணீரென்று. ஜனங்கள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு. பிள்ளைக்குத்தான் கை வரல."

வீட்டுக்கு வந்ததும், "ஸ்பீக்கர் சரியில்லப்பா" என்றேன்.

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பெரியப்பா பேசுறப்ப நல்லாத்தானட்டி கேட்டுச்சு?" என்றார்.

அவர்கள் சொன்னதை நானும் நம்பிவிட்டேன், அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பு. ராத்திரி படுக்கையில் என் விரல்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், அவைதான் ஏதோ செய்துவிட்டதுபோல.

பேசியது பேசியபடி நடந்தது. குழுவில் இருந்து நின்றேன். அம்மா கிட்டாரைப் பழைய சேலையில் சுற்றிப் பீரோ மேல் வைத்தார். பெட்டி கோயிலின் மைக் பெட்டியாகிவிட்டது. எலி தின்ற ஸ்பீக்கரின் இரும்புக் கூட்டை அம்மா மட்டும் வீணாக்கவில்லை. ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டிவிட்டு, கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தண்ணீர்ப் பானையை உட்கார வைத்தார். வருஷக்கணக்காக நான் அதில் இருந்துதான் தண்ணீர் மொண்டு குடித்தேன். அம்மாவுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. பானை ஆடாமல் நின்றது, அவருக்கு அது போதும்.

உண்மை எனக்குப் பிடிபட்டது பெரியப்பாவின் அடக்க ஆராதனையில். தொண்ணூறுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஆலங்குளத்தில் இருந்தேன். அப்போதிருந்த போதகர் ஒல்லியான மனிதர், கீச்சுக் குரல். வாசலில் நின்று என்னிடம் துக்கம் விசாரித்த அதே கீச்சுக் குரல், உள்ளே போய் மைக்கைப் பிடித்ததும் கணீரென்று அடிவயிற்றில் இருந்து வந்தது. பெரியப்பாவின் குரலேதான். அந்தப் பெட்டியில் யார் பேசினாலும் பெரியப்பாதான். எதைக் கொடுத்தாலும் அது தடிமனாகத்தான் துப்பும். மெல்லியது எதுவும் அதில் உயிரோடு வெளியே வராது. இன்னொரு பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு வாந்திதான் வந்தது. பயணக் களைப்பு என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் கோயிலுக்குப் புது மைக்செட் வாங்கியபோது, பெட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். நான் ராஜபாளையம் வந்திருந்த நேரம். அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது ஒன்னோடதுதான" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மறுநாளே பீரோ மேல் இருந்த கிட்டாரை இறக்கி, புதுக் கம்பி மாட்டி, இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். தனியாக.

பாய் தாடி நரைத்துப்போய் அதே மேசைக்குப் பின்னால் இருந்தார். எங்களை நினைவிருந்தது. தராசில் காந்தம் ஒட்டியதை யார் மறப்பார்கள்? "லேசான காகித ஸ்பீக்கர் வேணும் பாய், விளிம்புல ரப்பர் இல்லாதது" என்றேன். தேடி எடுத்து மாட்டினார். நான் கடை நடுவிலேயே உறையைக் கழற்றினேன். தெருவில் ஆண்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தார்கள். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன் ஒருவன் ஒயர் வாங்க வந்திருந்தான். கிட்டாரைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. "அக்கா, ஒரு தடவ வாசிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். கொடுத்தேன். அவன் சும்மா ஒரு தட்டு தட்டினான்.

வெண்கலக் கும்பா. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக. அதே சத்தம், மாமா போன வருஷத்தில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து நான் கேட்ட அதே சத்தம்.

"செம சவுண்டு அக்கா, நீங்க வாசிங்க" என்று கிட்டாரை என்னிடம் நீட்டினான்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கீத ஆராதனையின் முதல் பாட்டு, முதல் இடம். எங்கே விரல் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வைத்தேன். பாத்திரம் தேய்த்தும் துணி துவைத்தும் மெத்தென்று ஊறிப்போன விரல் நுனியில் கம்பி வெட்டியது, அழுந்தவில்லை. தட்டினேன். கட்டையில் தட்டிய மாதிரி ஒரு சத்தம். மறுபடி வைத்தேன். மூன்றாவது விரல் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. பையன் மரியாதையாகத் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டான்.

பாய்க்கு மனசு கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்டத்தில் வந்தார்.

"சத்தம் சரியில்லையோம்மா? வேற ஸ்பீக்கர் மாட்டிப் பாப்பமா?"

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு பாய்" என்றேன். "கைதான் வரல."